பதினெட்டுப் பேர் ஏறும் வண்டி

என் எம்.எம்.540 ஜீப்பை முதன்முதலாகப் போடிக்கு ஓட்டிக்கொண்டு போன அன்று, அப்பா அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொல்வார், எஞ்சின் சத்தத்தைக் கேட்பார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவர் நேராகப் பின்பக்கம் போனார். எதிரெதிராக இருந்த பெஞ்சு சீட்டுகளைக் கழற்றிவிட்டு, டூல் பெட்டியும் கயிறும் தண்ணீர் கேனும் வைக்க அங்கே நான் ஒரு பலகை அடித்திருந்தேன்.

"சீட்டு எங்கப்பா?"

"கழட்டிட்டேன்ப்பா. சாமான் வைக்க எடம் பத்தல."

"அப்ப எத்தனை பேரு ஏறுவாக?"

"ரெண்டு பேரு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்பா இருபத்திரண்டு வருஷம் ட்ரிப் ஜீப் ஓட்டியவர். சொந்த வண்டி இல்லை, முதலாளி வண்டி. விடிவதற்கு முன்பே போடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மெட்டு ரோட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. வண்டி கமாண்டர். ஆர்.சி. புக்கில் என்ன எண் இருந்ததோ, அப்பா ஏற்றியது பதினெட்டு. காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும்போது இன்னும் இரண்டு பேர் பின்படியில் நிற்பார்கள். அது தப்பு என்று அவருக்கும் தெரியும், ஏறியவர்களுக்கும் தெரியும். ஆள் கணக்குக்குத்தான் காசு.

நான் பொறியியல் படித்தது அந்தக் காசில். கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை கிடைத்து, கொஞ்சம் கையில் சேர்ந்ததும் வாங்கியது ஜீப். ஏன் கார் வாங்கவில்லை என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார்.

வாங்கிய பிறகுதான் இந்த வண்டியின் பூர்வீகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது ஒரு மோசமான ப்ராஜெக்ட் கதையைப் போலவே இருந்தது. ஐ.டி.யில் இருப்பவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

1940 ஜூலை. பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்துவிட்டது. அமெரிக்க ராணுவம் சின்னதாக, எடை குறைவாக, நான்கு சக்கரமும் இழுக்கிற உளவு வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போடுகிறது. எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 49 நாளில் மாதிரி வண்டி வந்துசேர வேண்டும். அந்த எடைக்குள் அப்படி ஒரு வண்டியைச் செய்யவே முடியாது. கேட்டவர்கள் யாரும் அதைச் செய்து பார்த்தவர்கள் இல்லை. க்ளையன்ட் என்றால் எல்லாக் காலத்திலும் க்ளையன்ட்தான்.

உருப்படியாகப் பதில் சொன்னவை அமெரிக்கன் பான்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட் என்ற இரண்டு கம்பெனிகள். பான்டம், பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் குட்டிக் கார்கள் செய்து, விற்க முடியாமல், மூடும் நிலையில் இருந்த நிறுவனம். வடிவமைப்பாளர்களை வைத்துச் சம்பளம் கொடுக்கக்கூட வழியில்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிடுகிறார்கள், முதலில் சம்பளம் இல்லாமல். ஜூலை 17-ம் தேதி வேலையைத் தொடங்கிய ப்ராப்ஸ்ட் இரண்டே நாளில் வரைபடத்தை முடித்துவிட்டார். எஞ்சின் ஒரு கம்பெனியுடையது, கியர் பாக்ஸ் இன்னொன்றுடையது, ஆக்ஸில் மூன்றாவது. சந்தையில் இருப்பதை எடுத்துக் கோத்ததால்தான் 49 நாளில் முடிந்தது. செப்டம்பர் 23 மாலை ஐந்து மணிக்குள் மேரிலாந்தில் இருந்த ஹோலபேர்ட் முகாமில் ஒப்படைக்க வேண்டும். அரை மணி நேரம் மிச்சம் வைத்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்து நடந்ததைப் படித்தபோது எனக்குச் சொந்தமாக ஏதோ பறிபோனது போல இருந்தது. பான்டம் சிறிய கம்பெனி, லட்சக்கணக்கில் செய்துதர அதனால் முடியாது என்று ராணுவம் கருதியது. அதன் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. கடைசியில் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. காரணம் அதன் எஞ்சின். டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர் செம்மைப்படுத்தி வைத்திருந்த 60 குதிரைத்திறன் எஞ்சின் அது. அப்போது மற்ற இரண்டு வண்டிகளிலும் அவ்வளவு இழுவை கிடையாது. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. பான்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அதன் பிறகு அதற்குக் கிடைத்த வேலை, ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கிற ட்ரெய்லர் செய்வது.

ஜீப்பைப் படைத்ததே நாங்கள்தான் என்று வில்லிஸ் விளம்பரம் செய்தபோது, அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 1943-ல் வழக்குப் போட்டது. யோசனை பான்டமுடையதும் சில ராணுவ அதிகாரிகளுடையதும் என்று 1948-ல் தீர்ப்பு வந்தது. 1950-ல் 'ஜீப்' என்ற பெயருக்கான உரிமையை வாங்கியது வில்லிஸ்! அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதிலும் அடிதடி உண்டு. ஃபோர்டின் ஜி.பி. என்ற குறியீடு திரிந்து ஜீப் ஆனது என்பது ஒரு கட்சி. பப்பாய் சித்திரக்கதையில் 1936-ல் வந்த ஜீப் என்ற விநோதப் பிராணியின் பெயர் என்பது இன்னொரு கட்சி. எங்கள் குழுவில் இந்தச் சண்டை தொடங்கினால் டீ ஆறிவிடும்.

ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலையில்கூட, தன் பெயரின் முதல் எழுத்தான 'எஃப்'பைப் பொறித்தது. மிலிட்டரி ஜீப் சேகரிப்பவர்கள் அந்த எழுத்துள்ள போல்ட்டைத் தேடித்தேடி வாங்குவார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு கம்பெனி வண்டிகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே ராணுவத்தின் நிபந்தனை. போர்க்களத்தில் மூன்று உடைந்த ஜீப்பிலிருந்து ஓடுகிற ஒன்றைச் செய்ய முடியவேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் ஜீப் இன்னும் சாகாமல் இருப்பதற்கு அந்த நிபந்தனைதான் மூலம்.

போர் முடிந்ததும் வில்லிஸ் அதை விவசாயியிடம் கொண்டுபோனது. 1945-ல் வந்த சி.ஜே.2ஏ-வில் பின்கதவு உண்டு, எஞ்சின் சக்தியை வெளியே எடுத்து இயந்திரங்களை ஓட்டும் வசதி உண்டு. காலையில் உழு, மத்தியானம் கதிர் அடி, சாயங்காலம் சந்தைக்குப் போ என்பதுதான் விளம்பரத்தின் சாரம். சி.ஜே. என்றால் சிவிலியன் ஜீப். ஆக, இது பொழுதுபோக்குக்காகப் பிறந்த வண்டி இல்லை. அந்தப் பழக்கம் பிறகு வந்தது. 1953 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூர்க்காரர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் திரட்டிக்கொண்டு, ரூபிகான் என்ற பாறை வழியாக சியெரா நெவாடா மலையைத் தாண்டினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க வார இறுதியில் கூட்டமாகச் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு அதுதான் குலதெய்வக் கோயில். ஜார்ஜ்டவுன்காரர்களுக்கும் வெறும் ஜாலி மட்டும் நோக்கமில்லை, நாலு பேர் வந்தால் ஊருக்கு வருமானம் வரும் என்ற கணக்கும் இருந்தது.

இந்தியாவுக்கு ஜீப் வந்த கதையில் பிரிவினையும் உண்டு. 1945-ல் தொடங்கிய கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. கூட்டாளி குலாம் முகமது 1947-ல் பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதி அமைச்சரானார், 1951-ல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனியின் பெயரில் முகமது போய் இன்னொரு மஹிந்திரா வந்தது. பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பிரித்த நிலையில் இறக்கிக் கோத்தார்கள், பிறகு இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். உயரமான பானெட் வைத்த சி.ஜே.3பி அமெரிக்காவில் 1953-ல் வந்து 1968-ல் நின்றுபோனது. இங்கே அது நிற்கவில்லை. பழைய தமிழ்ப் படங்களில் கலெக்டரும் இன்ஸ்பெக்டரும் வந்து இறங்குவார்களே, பெரும்பாலும் அதிலிருந்துதான். பெட்ரோல் விலை ஏறியதும் டீசல் எஞ்சின் தேவைப்பட்டது. எண்பதுகளில் வந்த எம்.எம்.540-இல் இருப்பது பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் செய்த 2,112 சி.சி. டீசல். குளிர்காலக் காலையில் அதை எழுப்புவது கும்பகர்ணனை எழுப்புவது மாதிரி. எழுந்துவிட்டால் அப்புறம் தூங்காது.

என் வண்டியில் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லாமல் இருந்தது. ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தேன். பட்டறை அண்ணன்தான் விளக்கினார். வாடகைக்கு ஓடுகிற வண்டியில் முன்சக்கர இழுவையைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். டீசல் மிச்சம், தேய்மானம் மிச்சம். அப்பாவிடம் போனில் கேட்டேன். "எங்க வண்டியிலயும் கெடையாது. மொதலாளி கழட்டி வித்துட்டாரு" என்றார். மழையில் சறுக்குகிற தோட்ட வழியில், பதினெட்டுப் பேரோடு, வெறும் பின்சக்கர இழுவையில்தான் அவர் இத்தனை வருஷம் ஏறியிருக்கிறார்.

எனக்கு அது இல்லாமல் முடியாது. ஷாஃப்ட், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங், முன் ஹப், நக்கிள் ஆயில் சீல் என்று எட்டு மாதம் போனது. இரண்டு மாதச் சம்பளமும் போனது. வருத்தமில்லை. சனிக்கிழமை காலை வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, நிப்பிள் நிப்பிளாகக் கிரீஸ் அடிப்பதில் இருக்கிற நிம்மதியை என்னால் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இதில் உடைவதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். லோ கியர் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், வண்டி தானாக, நடக்கிற வேகத்தில் பாறை மேல் ஏறும். முதல் தடவை சிரித்துவிட்டேன்.

எங்கள் குழுவில் பதினோரு பேர். பல் மருத்துவர் ஒருவர், மில் பாகம் செய்யும் லேத்துக்காரர் ஒருவர், மீதிப் பாதி என்னைப் போல. ஒரு வண்டி சிக்கினால் எல்லா வண்டியும் நிற்கும். டயர் காற்றை 18-க்கு இறக்குவது, ஷாக்கிளை எங்கே மாட்டுவது, இழுகயிற்றின் பக்கத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்களிடம் கற்றதுதான். சொந்த அண்ணன் தம்பி மாதிரி என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆக்ஸில் வேண்டுமென்றால் இவர்களைத்தான் கூப்பிடுவேன்.

ஒரு நவம்பரில், சாந்தம்பாறைப் பக்கம், தெரிந்தவர் தோட்டத்துக்குப் போகிற வழியில், எங்களில் ஒருவர் வண்டியின் பின் ஆக்ஸில் ராடு ஒடிந்தது. காலை ஆறரை மணி. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய வழி. எங்களிடம் ஸ்பேர் ராடு இருந்தது. லேத்துக்காரர் உற்சாகமாகிவிட்டார். இங்கேயே மாற்றிக் காட்டுகிறேன் என்று சக்கரத்தைக் கழற்றினார். ஒருவர் வீடியோ எடுத்தார், ஒருவர் அடுப்பு மூட்டிக் காபி போட்டார். நாங்கள் ஏங்கிக் காத்திருந்த தருணமே அதுதான்.

பின்னால் ஒரு ட்ரிப் ஜீப் வந்து நின்றது, அதன் பின்னால் இன்னொன்று. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி வந்து, "எம்புட்டு நேரமாகும் தம்பி?" என்று கேட்டார். பத்து நிமிஷம் என்றோம். சீல் ஒத்துழைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஜீப்பிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, தூக்குவாளியோடு எங்கள் வண்டிகளை ஒட்டி நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு அக்கா என்னைப் பார்த்து, "இனிமே போயி என்னத்தத் தம்பி, அரைநாள்தேன் போடுவாக" என்றார். கோபம்கூட இல்லை. நான் கையில் காபிக் கோப்பையோடு நின்றேன். வழியில் ஒதுங்கிக் கொடுத்தேன் என்பதுதான் நான் செய்த ஒரே காரியம்.

ராடு மாட்டி முடிந்தபோது மணி எட்டு பத்து. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெக்கானிக் மாதிரி கேள்வி கேட்டார்.

"வின்ச் இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

"வழி ஓரத்துல எடம்?"

"முப்பதடி முன்னால இருந்துச்சு. ஏலம் காயப்போடுற ஸ்டோருக்கு முன்னாடி."

"முன்வீலு இழுக்கும்ல? ராடு ஒடிஞ்சாலும் மெதுவா உருட்டிருக்கலாம்ல?"

நான் பதில் சொல்லவில்லை. ஒடிந்த ராடோடு உருட்டினால் சக்கரம் கழன்று வரலாம் என்று ஒரு பயம் இருந்தது உண்மைதான். அதற்குத்தான் வின்ச். எட்டு மாதம் உழைத்து, இரண்டு மாதச் சம்பளம் போட்டு நான் மாட்டிய அதே முன்சக்கர இழுவை அந்த வண்டியிலும் இருந்தது. அங்கே நின்ற ஒருத்தருக்கும் அதைப் போட்டு முப்பதடி நகரத் தோன்றவில்லை.

"வழியில நின்னா மொதல்ல வண்டிய ஓரங்கட்டணும்ப்பா. ரிப்பேரு அப்பறந்தேன்" என்றார். பிறகு டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

இப்போது தோட்டப் பக்கம் போவதென்றால் ஒன்பது மணிக்கு மேல்தான் ஏறுகிறோம், மூன்றரைக்குள் இறங்கிவிடுகிறோம். குழுவில் இரண்டு பேருக்கு இது பிடிக்கவில்லை. விடியற்காலைப் பனி போய்விடுகிறதாம், படம் நன்றாக வருவதில்லையாம். ஒருவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

போன பொங்கலுக்கு அப்பா என் வண்டியில் முதல்முறையாக மெட்டு ரோட்டில் ஏறினார். முன்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வலது காலை லேசாக அழுத்திக்கொண்டே வந்தார். பதினோராவது வளைவில் நான் கியர் மாற்றத் தாமதமானபோது மட்டும் வாயைத் திறந்தார்.

"ரெண்டப் போடு. பின்னாடி ஆளு இருக்குன்னு நெனச்சு ஓட்டு."