எட்வர்டு மன்னர் காலத்துச் சுகாதாரச் சோதனை

ஏழாம் எட்வர்டு மன்னர் அரியணை ஏறிய 1901 இலேயே இங்கிலாந்தில் புதிய தொழிற்சாலை, பட்டறைச் சட்டம் இயற்றப்பெற்றது. அங்கே ரொட்டி சுடும் சிறு கூடங்களும் சுகாதாரச் சோதனைக்கு உட்பட்டன. இங்கோ 1891 ஆம் ஆண்டுச் சட்டமே நடப்பில் இருந்தது. இயந்திர விசையும் பொதுவாக ஐம்பது ஆட்களும் இருந்தாலன்றி அதன் கண்ணுக்கு அது தொழிற்சாலை ஆகாது. இராசபாளையத்தில் நூற்பாலை எழுந்ததோ 1936 இல்தான். ஆகவே, நம் முன்னோர் உழைத்த தறிக்குழியையும் தோல் ஊறும் தொட்டியையும் அச்சட்டத்தின்படி எவரும் வந்து பார்க்கவில்லை.

உணவுக் கடைகளின் நிலை என்ன? 1894 இல் நகராட்சியான திருவில்லிபுத்தூரில் சந்தையும் இறைச்சிக் கூடமும் 1884 ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டத்தின் மேற்பார்வையில் இருந்தன. கலப்படத் தடைக்கெனச் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் 1918 இல் வந்தது. நகரத்தின் தூய்மையை உண்மையில் காத்தவர் யார்? கூடை சுமந்த நம் மக்களே! அவர்கள் பெருக்கிய தெருவிலிருந்த காபிக் கடையில் அவர்களுக்கு இடமில்லை. அத்தடையை 1950 ஆம் ஆண்டு அரசியலமைப்பும் சட்டவிரோதமாக்கியது. கடைக்காரரின் பாத்திரத்தைச் சோதித்த அரசு, அக்கூடையைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது 1993 இல்.