பெயருக்காக ஓர் உயிர்

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமிக்கு அண்டையிலுள்ள விருதுநகரில், கதர்த் தொண்டர் சங்கரலிங்கனார் 1956 சூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். மொழிவாரி மாநிலம், 'தமிழ்நாடு' என்னும் பெயர் உள்ளிட்ட பன்னிரண்டு கோரிக்கைகள். நோன்பு 76 நாள் நீடித்தது. அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். மொழிவாரி மாநிலம் நவம்பர் 1 அன்றே அமைந்தது. பெயரோ 1969 சனவரி 14 அன்றுதான் வந்தது.

மொழிவாரி மாநிலத்தை நாம் இன்னொரு கண்கொண்டும் நோக்குதல் வேண்டும். அதில் பெரும்பான்மைச் சாதியே ஆட்சியைக் கைக்கொள்ளும் என 1955இலேயே எச்சரித்த அண்ணல் அம்பேத்கர், பாதுகாப்பாகப் பல உறுப்பினர் தொகுதிகளைக் கேட்டார். நடந்ததோ எதிர்மாறு! இருந்த இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் 1961இல் சட்டத்தால் ஒழிந்தன. தனித்தொகுதி நின்றது, ஆயினும் அங்கு வாக்காளரில் பெரும்பாலோர் பிறரே. நம் உறுப்பினர் எவர் தயவால் வெல்கிறார் என்பதை இளைஞர்களே கணக்கிட்டுப் பாருங்கள்.