ஒரே பெயரில் மூன்று கடிகாரங்கள்

"மீட்டிங் மாலை 6 மணி, ஐ.எஸ்.டி." என்று சென்னையிலிருந்து ஒருவர் டப்ளினுக்கு மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடைக்காலத்தில் டப்ளின்காரர் அதைத் தன் ஊர் 6 மணி என்று நினைத்து வந்து உட்கார்ந்தால், அப்போது சென்னையில் இரவு 10.30! இரண்டு பேர் மேலும் தப்பில்லை. இந்திய, ஐரிஷ், இஸ்ரேல் ஸ்டாண்டர்ட் டைம் மூன்றுக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றுதான். (தமிழில் எழுதினால் பழைய டெலிபோன் பூத் ஐ.எஸ்.டி.யும் சேர்ந்து நான்காகிவிடும்.)

இந்தச் சுருக்கங்களை உலகம் முழுமைக்கும் யாரும் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. அவரவர் நேரத்துக்கு அவரவர் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த நேரமே சண்டை போடாமல் வரவில்லை.

இந்தியாவில் ரயில்கள் ஒரு காலத்தில் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வகம் இருக்கும் இடத்தில் அன்று இருந்த விண்ணோக்கு நிலையம்தான் அதற்குக் கணக்கு. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஆங்கிலேய அரசு அறிவித்தது. மெட்ராஸுக்கு நஷ்டம் சுமார் 9 நிமிடம்தான், பெரிதாகத் தெரியவில்லை. பம்பாய்க்கோ 39 நிமிடம்! ஆலைத் தொழிலாளிகள் அவ்வளவு சீக்கிரம் எழுந்து வரவேண்டும் என்றால் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியது. சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் வரைகூட பம்பாய் நேரம் என்ற ஒன்று அங்கே புழக்கத்தில் இருந்தது. கல்கத்தாவும் 1948 வரை தன் நேரத்தை விடவில்லை.

அயர்லாந்தின் கதை இன்னும் விசித்திரம். 1880 சட்டப்படி அங்கே டப்ளின் நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 25 நிமிடம் 21 விநாடி பின்னால். 1916 ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நடந்து அடக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அந்த 25 நிமிடத்தையும் லண்டன் எடுத்துக்கொண்டது. பிறகு, தனிநாடான அயர்லாந்து 1968-ல் கிரீன்விச்சுக்கு ஒரு மணி முன்னால் உள்ள நேரத்தையே தன் 'ஸ்டாண்டர்ட்' நேரம் என்று சட்டமாக்கியது. இருண்ட குளிர்காலக் காலைகள் பிடிக்காமல் 1971-ல் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு மணி பின்னுக்குப் போனார்கள். சட்டத்தை மட்டும் திருப்பிப் போடவில்லை. அதனால் மற்ற நாடுகளில் கோடைதான் விதிவிலக்கு என்றால், அயர்லாந்தில் குளிர்காலம்தான் விதிவிலக்கு!

இஸ்ரேலுக்கு கிரீன்விச்சிலிருந்து 2 மணி நேரம் முன்னால், கோடையில் 3. கோடையில் சுருக்கமும் மாறிவிடும் என்பதால் குழப்பம் பாதிதான்.

கம்ப்யூட்டராவது சரியாகச் சொல்லுமா? இந்த மூன்றெழுத்தைக் கொடுத்தால் ஜாவா இந்தியா என்று எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் செட்டிங்கை மாற்றாவிட்டால் இஸ்ரேல் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே நேரத்தை இரண்டும் படித்தால் வித்தியாசம் மூன்றரை மணி. +05:30 என்று எண்ணாகவே எழுதிவிட்டால் இரண்டுக்கும் சந்தேகம் வராது, டப்ளின்காரருக்கும்தான்.