கேட்காமலே கிடைக்க வேண்டிய நியாயம்: அம்பத்தூர்ப் பட்டறைகளும் நிலுவைச் சட்டங்களும், 1951–2024

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு லேத் பட்டறை, ஜூன் 3 அன்று ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு உதிரிபாகம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி 18,000 ரூபாய். 50,000 ரூபாய்க்கு வாங்கிய இரும்புக்குக் கொடுத்த வரி 9,000-ஐக் கழித்தாலும், மீதி 9,000-ஐ ஜூலை 20-க்குள் கட்டியாக வேண்டும். 90 நாள் கடன் என்றால் நிறுவனத்தின் பணம் வருவது செப்டம்பரில். கைக்கு வராத காசுக்கு ஆறு வாரம் முன்பே வரி. சிறியவரின் தாமதத்தையும் பெரியவரின் தாமதத்தையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்திருக்கிறதா? இக்கட்டுரை அதைக் காலவரிசையில் ஆராய்கிறது.

வேலி கட்டிய காலம்

1951-ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டம் பெருந்தொழில்களை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. 1958-இல் கிண்டியிலும், 1964-இல் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. 1970-இல் தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ பிறந்தது. 1967-இல் 47 பொருள்கள் சிறுதொழிலுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டன. பின்னர் 800-ஐத் தாண்டிய அந்தப் பட்டியலில் எஞ்சியிருந்த 20 பொருள்களும் 2015-இல் நீக்கப்பட்டன.

ஆனால் அம்பத்தூர்ப் பட்டறைகளில் பல, கடைவீதிக்குச் சரக்கு விற்பவை அல்ல. பெரிய ஆலைகள் கொடுக்கும் வரைபடத்துக்குக் கடைந்து கொடுப்பவை. அவற்றின் உயிர்நாடி ஒதுக்கீட்டுப் பட்டியலில் இல்லை. வாங்குபவரின் காசோலையில் இருந்தது. யார் எதைச் செய்யலாம் என்று வகுத்த அரசு, செய்த வேலைக்கு எப்போது கூலி வர வேண்டும் என்பதை நெடுங்காலம் தொடவே இல்லை.

நாள் குறித்த சட்டங்கள்

அந்த மௌனத்தை முதலில் உடைத்தது 1993-ஆம் ஆண்டின் தாமதக் கொடுப்பனவுகள் மீதான வட்டிச் சட்டம். 1998-இல் அதைத் திருத்தி, ஒப்பந்தத்தில் எழுதினாலும் 120 நாளைத் தாண்டக் கூடாது என்றார்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் அதை 45 நாளாகக் குறைத்தது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. அச்சட்டத்தின் கீழ் அமைந்த வசதியாக்க மன்றம் வழக்கை 90 நாளில் முடிக்க வேண்டும். தீர்ப்பை எதிர்க்கும் நிறுவனம் 75 சதவீதத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

எழுத்தில் இதைவிட வலுவான பாதுகாப்பு அரிது. ஆனாலும் அதன் கதவைத் தட்ட வேண்டியவர் பட்டறைக்காரர். ஒரே ஒரு நிறுவனத்தின் ஆர்டரை நம்பி நாலு மிஷின் ஓட்டுபவர், அந்த நிறுவனத்தின் மீதே மனுப் போட்டுவிட்டு அடுத்த ஆர்டரை எங்கே தேடுவார்? வட்டியையும் விட்டு, அசலுக்காகவும் காத்திருக்கிறார். அதைக் கோழைத்தனம் என்பது அநியாயம்; அது பிழைப்புக் கணக்கு.

20-ஆம் தேதியும் 180-ஆம் நாளும்

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையானது. 5 கோடிக்கு உட்பட்ட விற்றுமுதல் உள்ளவர் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம் என்ற சலுகை பிறகு வந்தது; வரியை மட்டும் மாதாமாதம் கட்டத்தான் வேண்டும். பிந்தினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி; அதை யாரும் மனுப் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. வாங்கிய நிறுவனமோ பட்டறைக்குப் பணம் தராமலே உள்ளீட்டு வரிச் சலுகையை எடுத்துக்கொள்ளலாம். பில் தேதியிலிருந்து 180 நாள் கடந்தால்தான் திருப்ப வேண்டும். ஒரு சட்டம் 45 நாள் என்கிறது. இன்னொன்று 180 நாள் வரை பொறுக்கிறது. இரண்டும் ஒரே பில்லைப் பற்றியவை.

புகார் தேவைப்படாத வழி

திருப்பம் 2019-இல் தொடங்கியது. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்த கம்பெனிகள், அதை அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்து 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த 43பி(எச்) பிரிவு இன்னும் நுட்பமானது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டு வரை நிறுவனம் செலவாகக் காட்ட முடியாது. இங்கே பட்டறைக்காரர் யாரையும் பகைக்க வேண்டாம். நிறுவனத்தின் ஆடிட்டரே பாக்கிப் பட்டியலைக் கேட்பார். நடுத்தரத் தொழில்களும் வணிகர்களும் இதற்கு வெளியே நிற்பது குறைதான். ஆனால் நிரூபிக்கும் சுமை பெரியவரின் கணக்குப் புத்தகத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

முடிவுரை

சலுகையில் தொடங்கி, உரிமைக்கு வளர்ந்து, கேட்காமலே கிடைக்கும் நியாயத்தை நோக்கி இந்த வரலாறு நகர்கிறது. மிச்சமிருப்பது, காசு வந்த பின் வரி என்ற விதி. அது புதிய யோசனை அல்ல. பிரிட்டனில் சிறு நிறுவனங்கள் பணம் கைக்கு வந்த பின் மதிப்புக்கூட்டு வரி கட்டலாம். இந்தியாவிலேயே 2012 முதல் ஜிஎஸ்டி வரும்வரை, 50 லட்சம் வரை சேவை செய்த தனிநபர்களுக்கும் பங்குதாரர் நிறுவனங்களுக்கும் சேவை வரியில் அந்த வசதி இருந்தது. இருந்ததைத்தான் திரும்பக் கேட்கிறோம். ஜூன் 3-இல் சரக்கு அனுப்பிய பட்டறைக்காரர், பணம் வரும் செப்டம்பரில் வரி கட்டட்டும்; அரசுக்கு வர வேண்டியது ஒரு ரூபாயும் குறையாது.