தம்பலகாமத்து மனையும் உறுதியும்

கந்தளாய்க் குளத்து நீரால் வளம்பெறும் வயலூர் தம்பலகாமம். குளக்கோட்டன் வகுத்தனவாகக் கோயிற்றொழும்புகளையும் அவற்றோடு இணைந்த பரம்பரை உரிமைகளையும் கோணேசர் கல்வெட்டு கூறுகின்றது. அத்தகைய மண்ணில் இறப்பாலோ மணநீக்கத்தாலோ மனையுரிமை கைமாறுங்கால், வழக்கமும் சட்டமும் எங்ஙனம் முரண்பட்டன என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடக்கே யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகள் 1707 இல் தேசவழமையாகத் தொகுக்கப்பெற்று, 1806 இல் சட்டவலுப் பெற்றன. தெற்கே மட்டக்களப்பில் தாய்வழி உரிமை பேணிய முக்குவர் சட்டம் வழங்கிற்று. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கிழக்கு மாகாணத் தமிழரைப் பொதுச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. மரணசாசனம் எழுதாது ஒருவர் இறப்பின், துணைவருக்குப் பாதியும் பிள்ளைகளுக்கு ஆண், பெண் வேறுபாடின்றி மறுபாதியும் உரியன என அது விதித்தது.

ஆயின் கிழக்கிலங்கைத் தமிழரின் வழக்கமோ வீட்டை மகளுக்குச் சீதனமாக அளிப்பது. இங்கேதான் எழுத்தின் இன்றியமையாமை புலப்படும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாத காணிக் கைமாற்றம் செல்லாது. தந்தை பெயரிலுள்ள வீட்டை வாய்ச்சொல்லாற் சீதனமாகப் பெற்ற மகளொருத்தியைக் கொள்வோம். தந்தை இறந்தபின் தாய்க்குப் பாதிபோக, மக்கள் நால்வராயின், அவள் குடியிருக்கும் வீட்டிலேயே அவளுக்குரியது எட்டிலொரு பங்குதான். சீதன உறுதி எழுதியிருப்பின் முழுவீடும் அவளதே. விவாகமான பெண்ணின் தனிச்சொத்துரிமையை 1923 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தமையால், கணவன் பிரிந்தாலும் அவள் பெயரிலுள்ள மனை அவளை விட்டு நீங்காது.

அரச காணியின் நிலை வேறு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் பின்னுரித்தாளரை நியமியாது இறப்பின், துணைவர் அனுபவிக்கலாம். மறுமணம் செய்தால் அவ்வுரிமை அற்றுப்போகும். அடுத்த உரித்தில் மகளுக்கு முன் மகனே வைக்கப்பட்டான். இவ்வாறு, பெண்ணுக்கு வீடளித்த சமூகத்திலேயே காணிச்சட்டம் ஆணை முன்னிறுத்திற்று. இவ்வேறுபாடு 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீக்கப்பட்டது.

போர்க்காலம் இச்சிக்கலை மேலும் இறுக்கிற்று. திருகோணமலை மாவட்டத்தினின்றும் இடம்பெயர்ந்தோர் பலர் உறுதிகளை இழந்தனர். பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவருக்கு உரிமை வழங்கும் 1871 ஆம் ஆண்டுச் சட்டம், ஊர் நீங்கியோருக்கு இடராயிற்று. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அவர்க்குத் தனிவிலக்கு அளித்தது. காணாமற்போனோரின் மனைவியர்க்கோ, மரணச் சான்றிதழ் இன்றி உரிமைமாற்றம் இல்லை. அதனைப் பெறுவதோ கணவன் இறந்தான் என ஒப்புவதாகும். காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் இடந்தந்தமை, இவ்விடரை ஓரளவு தணித்தது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகும். மகளுக்கு வீடு என்பது ஊரறிந்த நீதி. எனினும் நீதிமன்றம் அறிவது உறுதியில் உள்ள பெயரையே. பெற்றோர் உயிரோடிருக்கையில் எழுதப்படும் ஓர் உறுதியே அவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகும்.