அண்ணாவியாரும் காலடியும்: அம்பாறைக் கரையோரச் சிலம்படி மரபு

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில் வரை நீளும் முஸ்லிம் ஊர்களில், கம்பைக் கொண்டு ஆடும் சிலம்படியும், கைகால் வீச்சும் தற்காப்பும் கலந்த சீனடியும், கோல்களைத் தாளத்துக்குத் தட்டியாடும் பொல்லடியும் நெடுங்காலம் ஊர்க் கலைகளாக விளங்கி வந்துள்ளன. இவ்வூர்கள் 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தவை. ஆகையால் இக்கலைகளின் வரலாற்றை மட்டக்களப்புத் தமிழகம் என வழங்கிய பெரும் பண்பாட்டு நிலப்பரப்பினுள் வைத்தே நோக்க வேண்டும். சிலம்படியின் அடவுகளும் வரிசைகளும் தென்னிந்தியச் சிலம்பத்தோடு நெருங்கிய உறவுடையவை. நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்றம் காட்டும் கடல்வழித் தொடர்பு, அவ்வுறவு நிலைத்த வழிகளுள் ஒன்றை உணர்த்துகிறது.

பெருநாள் தினங்களிலும், மாப்பிள்ளை ஊர்வலத்திலும், சுன்னத்துக் கல்யாண ஊர்வலத்திலும் மக்கள் கண்டு மகிழ்ந்தது இக்கலையின் வெளித்தோற்றமே. கம்பு சுழலும் வேகம் கண்ணைக் கவர்வதால் ஆடுபவரின் கால்களை எவரும் கூர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் பயிற்சியின் ஒழுங்கோ இதற்கு நேர்மாறானது: கம்பைக் கையில் எடுப்பதற்கு முன்னரே நிற்கும் நிலை, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும் முறை, முன்னேறியும் பின்வாங்கியும் திரும்பியும் வைக்கும் அடி ஆகியவை பழக்கப்படுகின்றன. இவற்றின் தொகுதியே காலடி எனப்படுகிறது. பின்னங்கால் நிலத்தில் ஊன்றாதபோது எதிராளியின் வீச்சைத் தடுக்கும் கம்பு தோளோடு சேர்ந்து சரிந்துவிடும் என்பதால், கையின் வலிமை முழுவதும் காலடியைச் சார்ந்தே நிற்கிறது.

கற்பிப்பவர் அண்ணாவியார் என அழைக்கப்படுகிறார். கிழக்கிலங்கைத் தமிழ்க் கூத்தைப் பழக்கும் ஆசானுக்கும் இதுவே பெயர். கூத்து அண்ணாவியார் தாம் முன்பு ஆடிய பாத்திரத்தின் ஆட்டத்தை மட்டும் அறிந்திருந்தால் போதாது. எல்லாப் பாத்திரங்களுக்கும் உரிய தாளக்கட்டையும் ஆட்டத்தையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். சிலம்படி அண்ணாவியாரின் பொறுப்பும் இத்தகையதே. நன்றாக ஆடும் ஒருவர் பல ஆண்டுகளில் தம் உடலுக்கேற்ற சுருக்க வழிகளைத் தேடிக் கொள்கிறார். அடியைக் குறுக்குவார், ஒரு தோளை உயர்த்துவார், அக்குறையை வேகத்தால் மறைத்தும் விடுவார். அவரிடம் பயிலும் சிறுவனுக்கோ அந்த வேகம் வராது, குறை மட்டுமே வந்து சேரும். ஆகவே கற்பிக்க முன்வருபவர் கம்பை வைத்துவிட்டு, தொடக்க மாணவன் போல மீண்டும் வெறுங்காலடிக்குத் திரும்பி, ஒவ்வோர் அசைவையும் மெதுவாகவும், இடம் வலம் இரண்டிலும் பழகிப் பிரித்தறிய வேண்டியவராகிறார். எதிரே நிற்கும் மாணவனுக்குக் காட்டும்போது திசை மாறிவிடுவதால், வலக்கையால் மட்டும் ஆடி வந்தவர் அப்போதுதான் தமது இடப்பக்கத்தின் பலவீனத்தை உணர்கிறார்.

இத்தேவை கிழக்குக் கரைக்கு மட்டும் உரியதன்று. கேரளக் களரியில் குருக்கள் வாய்த்தாரி எனப்படும் சொற்கட்டளைகளால் மெய்ப்பயிற்சியை நடத்துகிறார். உடற்பயிற்சியின் முழு வரிசையும் பிழையின்றி உள்ளத்தில் பதிந்திராத ஒருவரால் அதைச் சொல்ல இயலாது. ஒகினாவாவில் பிறந்து 1922இல் தோக்கியோவில் கராத்தேயை அறிமுகப்படுத்திய கிச்சின் ஃபுனாகோஷி, தெக்கி எனும் மூன்று எளிய வடிவங்களைக் கற்கவே ஏறத்தாழப் பத்தாண்டுகள் செலவிட்டவர். அவர் 1924இல் முதன்முறையாகத் தம் மாணவர்களுக்குக் கறுப்புப் பட்டி வழங்கியபோது கொடுத்த முதல் தரம், கல்வி முடிந்ததற்கான சான்று அன்று. அடிப்படை கைவந்து மெய்யான பயிற்சி தொடங்குவதற்கான ஒப்புதலே அது. சிலம்படியில் பட்டியும் இல்லை, எழுத்துச் சான்றிதழும் மரபில் இல்லை. ஆசானின் ஒப்புதலே ஒருவரை ஆசானாக்கியது. இந்த ஏற்பாட்டின் வலிமையும் ஆபத்தும் ஒன்றே: ஆசான் கண்டிப்பானவராக இருக்கும் வரை தரம் நிலைக்கும், அவர் மறைந்தபின் அதை அளந்து பார்க்க வேறு அளவுகோல் இல்லை.

இன்று கரையோர ஊர்களின் இளைஞர் பலர் கராத்தே வகுப்புகளுக்குச் செல்கின்றனர். சிலம்படியோ பெரும்பாலும் விழா மேடையிலும் ஊர்வலத்திலும் காட்சியாக எஞ்சி நிற்கிறது. காட்சிக்கு ஆடுபவர்கள் இருக்கும் வரை கலை வாழ்கிறது என்று நிறைவடைவது தவறான கணிப்பாகும். சுழற்சியைப் பார்த்தே பழகிவிடலாம், காலடியை அறிந்தவரிடமிருந்து அன்றி வேறு வழியில் பெற முடியாது. ஆதலால் இப்போது வாழும் மூத்த அண்ணாவிமார்களின் பயிற்சியை, மேடை ஆட்டத்திலிருந்து அன்றி முதல் நாள் பாடத்திலிருந்து தொடங்கிப் படம்பிடித்துப் பதிவு செய்ய, கரையோரப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் முன்வர வேண்டும். அடுத்த அண்ணாவியாராக விரும்பும் இளைஞரும் அந்த முதல் பாடத்திலேயே மீண்டும் போய் நிற்க வேண்டும்.