கரணை பிடிக்கத் தெரிந்த பட்டதாரி

கட்டடப் பொறியியல் படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டுவரும் பெற்றோர் இப்போதெல்லாம் அதிகம். நான் பொறியாளன் அல்லன். முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன். உழைப்புச் சந்தை குறித்துப் பாடம் நடத்தியவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் கணினி சார்ந்த பிரிவுகள் முன்னதாகவே நிரம்பிவிட, பல கல்லூரிகளில் கட்டடப் பொறியியல் இடங்கள் ஆளில்லாமல் கிடப்பதைப் பார்க்கும் எவருக்கும் இந்த அச்சம் எழுவது இயல்பே. ஆனால், அதே ஊரில் வீடு கட்டத் தொடங்கியவரைக் கேட்டுப் பாருங்கள். நல்ல கொத்தனார் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய முதல் புலம்பலாக இருக்கும். ஒரே தொழிலின் ஒரு முனையில் வேலை தேடும் பட்டதாரி. மறுமுனையில் ஆள் தேடும் வேலை.

ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலங்கள் குறித்த புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23-இல் ஊரகப் பகுதியில் ஆண் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 850 ரூபாயைத் தாண்டியிருந்தது. தமிழகத்தில் அது ஏறத்தாழ 500 ரூபாய். தேசிய சராசரி 400 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. இது பொதுவான கட்டுமானத் தொழிலாளிக்குரிய கணக்கு. தேர்ந்த கொத்தனாரின் கூலி இதைவிடக் கணிசமாக அதிகம். நான் வசிக்கும் நகரில் அது 1,000 ரூபாயைக் கடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மாதத்தில் இருபது நாள் வேலை அமைந்தால், சிறிய ஒப்பந்ததாரரிடம் புதிதாகச் சேரும் பட்டதாரியின் சம்பளத்தை அவர் எட்டிவிடுகிறார். சில வேளைகளில் தாண்டியும் விடுகிறார்.

'அமைந்தால்' என்ற சொல்தான் இங்கு முக்கியம். 1776-இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில், கூலி ஏன் தொழிலுக்குத் தொழில் மாறுபடுகிறது என்று விளக்க ஆடம் ஸ்மித் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று கொத்தனார். கடும் பனியிலும் மோசமான வானிலையிலும் அவருக்கு வேலை இல்லை. ஆகவே, வேலை இருக்கும் நாளில் ஈட்டுவது வேலையற்ற நாள்களுக்கும் சோறு போட வேண்டும். நாளை அழைப்பு வருமா என்ற கவலைக்கும் ஈடு தர வேண்டும் என்பது அவர் வாதம். நம் ஊரில் பனிக்குப் பதில் ஐப்பசி, கார்த்திகை மழை. மற்றபடி இரண்டரை நூற்றாண்டுகளில் அந்த விளக்கத்தில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

ஆனால், அதே இடத்தில் ஸ்மித் இன்னொன்றும் சொல்கிறார்: திறன் சார்ந்த வேலைகளில் இதைவிட எளிதாகக் கற்கக்கூடியது வேறில்லை, எனவே, கூடுதல் கூலி திறமைக்கானதன்று, வேலையின் நிலையின்மைக்கானதே என்பது அவர் முடிபு. இதில் எனக்கு உடன்பாடில்லை. செங்கல்லை எவ்வளவு நனைப்பது, கலவை இறுகத் தொடங்கும் முன் எத்தனை கல் வைத்து முடிப்பது, வரிக்கு வரி செங்குத்துச் சந்துகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக விழாமல் கல்லை எங்கே உடைத்துச் சேர்ப்பது, தூக்குக்குண்டும் ரசமட்டமும் காட்டும் வேறுபாட்டை அடுத்த வரியிலேயே எப்படிச் சரிசெய்வது என்பனவெல்லாம் கைக்கும் கண்ணுக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் வளரும் அறிவு. ஒரே நாளில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் சுவரை எழுப்பலாகாது என்று இந்தியத் தர நிர்ணய விதி சொல்வதைப் படிக்காத கொத்தனாரும், புதுச்சுவர் தன் எடையில் அமுங்கும் என்று அறிந்து நிறுத்திக்கொள்கிறார்.

இந்த அறிவு எங்கே, எப்படிக் கடத்தப்படுகிறது? பெரும்பாலும் சாரத்தின் மீதுதான். கலவை சுமக்கும் கையாளாகச் சேர்ந்து, மேஸ்திரி இல்லாத நேரத்தில் கரணையை எடுத்துப் பார்த்து, திட்டு வாங்கி, பிறகு குளியலறைச் சுவர் ஒன்றில் வாய்ப்புப் பெற்று மேலேறுவது வழக்கம். முறையான பயிற்சியும் இல்லாமல் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் மேசன் என்ற பெயரிலேயே ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. எல் அண்ட் டி நிறுவனம் 1995-இலேயே சென்னையில் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் தொடங்கியது. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தின்கீழ் நடக்கும் கொத்தனார் பயிற்சி எனக்குப் பிடித்தமான ஏற்பாடு. பயிற்சி பெறுவோர் 45 நாள்களில் பயனாளி ஒருவரின் வீட்டை உண்மையாகவே கட்டி முடிக்க வேண்டும். பயிற்சிக்காகச் சுவர் எழுப்பி மறுநாள் இடித்துவிடும் வீண் செலவு இதில் இல்லை.

ஆனாலும், தேவையோடு ஒப்பிட்டால் இவை சிறு துளிகள். ஒப்பந்ததாரர்கள் தாங்களே ஏன் ஆள்களைப் பயிற்றுவிப்பதில்லை? 1964-இல் கேரி பெக்கர் 'மனித மூலதனம்' நூலில் இதற்கு விடை தந்திருக்கிறார். எந்த முதலாளியிடமும் பயன்படக்கூடிய பொதுத்திறனை ஒருவருக்குக் கற்றுத்தர எந்த முதலாளியும் பணம் செலவிட மாட்டார். கற்றவர் அடுத்த தெருவில் நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் போய்விடுவார். கொத்து வேலை முழுக்க முழுக்க இத்தகைய பொதுத்திறன். அப்படியானால் செலவைத் தொழில் முழுவதும் சேர்ந்துதான் ஏற்க வேண்டும். அதே 1964-இல் பிரிட்டன் செய்தது அதைத்தான். கட்டுமான நிறுவனங்களிடம் தீர்வை வசூலித்து, அதைப் பயிற்சிக்கே செலவிடும் வாரியத்தை அந்நாடு சட்டத்தின் மூலம் அமைத்தது. பெக்கரின் நூலும் அந்த வாரியமும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான் என்றாலும், வகுப்பில் சொல்ல எனக்கு வசதியாக இருந்தது.

நம்மிடமும் தீர்வை உண்டு. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைத் தொழிலாளர் நல வரியாக வசூலிக்க 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நாடு முழுவதும் இப்படித் திரண்ட நிதியின் பெரும்பகுதி செலவிடப்படாமல் முடங்கிக் கிடப்பதை 2018-இல் உச்சநீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஓய்வூதியம், விபத்து இழப்பீடு, பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவற்றைக் குறைத்துப் பயிற்சிக்குத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடங்கிக் கிடக்கும் பகுதியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இனி பட்டதாரிக்கு வருவோம். நான்காண்டுப் படிப்பில் கற்றை, தூண், அடித்தளம் ஆகியவற்றின் வடிவமைப்பு விரிவாகக் கற்பிக்கப்படுகிறது. செங்கல் கட்டு ஓரிரு பாடங்களோடு முடிந்துவிடுகிறது. 190-க்கு 90-க்கு 90 மி.மீ. அளவுள்ள தரச் செங்கல்லைக் கொண்டு ஒரு கன மீட்டருக்கு 500 கல் என்று தேர்வில் எழுதிய மாணவர், களத்தில் வந்து இறங்குவது ஒன்பது அங்குல நாட்டுச் செங்கல் என்று கண்டதும் திகைக்கிறார். ஒன்பது அங்குலச் சுவரைக் கன அளவிலும், நாலரை அங்குலத் தடுப்பைப் பரப்பளவிலும் கணக்கிடும் வழக்கத்தை அவருக்குக் கற்றுத் தருபவர், பெரும்பாலும் பத்தாம் வகுப்பைத் தாண்டாத மேஸ்திரிதான். சுவர் தூக்கில் இல்லை என்று சொல்லத் தெரிந்தும், எப்படிச் சரிசெய்வது என்று காட்டத் தெரியாத பொறியாளரைத் தொழிலாளர் எவரும் மதிப்பதில்லை. இது ஆணவப் பிரச்னையன்று, ஊதியப் பிரச்னை. மேற்பார்வையால் இழப்பைத் தடுக்க முடியாதவருக்கு உரிமையாளர் ஏன் அதிகம் கொடுக்க வேண்டும்?

எனவே, கட்டடவியல் மாணவர் ஒரு பருவமாவது கரணை பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. கொத்தனாராகவே வாழ வேண்டும் என்பதற்காக அல்ல. அந்தப் பழக்கம் அவருக்குத் திறந்துவிடும் கதவுகளுக்காக. அளவீட்டாளர், தரக் கட்டுப்பாட்டாளர், களப் பொறியாளர் ஆகிய வழக்கமான பணிகளில் அவர் விரைவில் தனித்துத் தெரிவார். சொந்தமாக வீடு கட்டித்தரும் சிறு தொழிலில் இறங்க நினைப்பவருக்கோ இது முதலீட்டுக்கு நிகரானது.

அதிகம் பேசப்படாத துறை ஒன்றும் உண்டு. சுண்ணாம்புக் காரையில் வேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டனர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் கலவையைப் பக்குவப்படுத்தும் முறை ஏட்டிலிருந்து கற்பதன்று. சென்னைச் சேப்பாக்கத்தில் தீயால் சிதைந்த கலச மஹாலையும், பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மஹாலையும் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தபோது தேவைப்பட்டது இந்தப் பழைய அறிவுதான். கோயில் திருப்பணிகள், செட்டிநாட்டு வீடுகள், நூற்றாண்டு கண்ட பள்ளிக் கட்டடங்கள் என்று வேலை காத்திருக்கிறது. சுண்ணாம்பும் தெரிந்து, மதிப்பீடும் வரைபடமும் தயாரிக்கத் தெரிந்த பட்டதாரியை விரல்விட்டு எண்ணலாம். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தில், அழுத்தி நிலைப்படுத்திய மண் கற்களைக் கொண்டு வளைவும் கவிகையும் கட்டக் கட்டடக் கலைஞர்களும் கொத்தனார்களும் பயிற்சி பெறுகிறார்கள். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய, உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் செங்கல் முறையில் ஏறத்தாழ கால் பங்குக் கல் மிச்சமாகும். அதைப் பிசகாமல் கட்ட நிதானமான கை வேண்டும்.

செங்கல்லுக்கே எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பெரும்பாக்கத்தில் 2022-இல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் ஆலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பொருத்திக் கட்டப்பட்டவை. பெரிய அடுக்குமாடித் திட்டங்களில் அலுமினிய வார்ப்புச் சட்டங்களும் இலகு கற்களும் கொத்தனாரின் வேலையைக் குறைத்துவருகின்றன. ஆயினும், நாம் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை தனி மனிதர்கள் ஒன்றரை, இரண்டு சென்ட்டில் கட்டுபவை. அங்கே பாரந்தூக்கி நுழையவும் இடமில்லை. பழுதுபார்ப்பு வேலைக்கோ முடிவே கிடையாது.

இரு முனைகளையும் இணைக்கும் ஏணி மட்டும் நம்மிடம் இல்லை. ஜெர்மனியில் மூன்றாண்டு பழகுநராக இருந்து கொத்தனாரானவர், மேலும் பயின்று 'மைஸ்டர்' தகுதி பெற்றால், அந்நாட்டுத் தகுதிக் கட்டமைப்பில் அது இளநிலைப் பட்டத்துக்கு இணையான நிலை. இங்கோ, இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது நெடுநாளைய விதி. மேசன் படிப்பு ஓராண்டுதான் என்பதால் அதை முடித்தவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. மேசன் படிப்புக்கு மட்டும் மதிப்பீடு, வரைபடம், கணிதம் அடங்கிய இரண்டாம் ஆண்டு ஒன்றைச் சேர்த்தால் போதும். கொத்தனார் பட்டயப் பொறியாளராகும் வழி பிறக்கும். நல வரியிலிருந்து உதவித்தொகை தரலாம். பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் கரணை பிடிக்கும் பருவத்தையும் அதே பட்டறையில் நடத்தலாம்.

அந்த வகுப்பில் முதலில் இடம் பெற வேண்டியவர்கள் சித்தாள்கள். தமிழகத்தில் கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்கள் முப்பது ஆண்டுகள் உழைத்தும் சித்தாளாகவே ஓய்கிறார்கள். உடன் சேர்ந்த இளைஞன் ஐந்தாறு ஆண்டுகளில் கொத்தனாராகி, ஏறத்தாழ இரு மடங்கு கூலி பெறுகிறான். பெண்ணால் சுவர் கட்ட முடியாது என்பதை ஜார்க்கண்டின் 'ராணி மிஸ்திரி'கள் பொய்யாக்கிவிட்டார்கள். தூய்மை இந்தியா திட்டத்தில் ஊர்தோறும் கழிப்பறைகளைக் கட்டியவர்கள் அந்தப் பெண் கொத்தனார்கள். நம் சித்தாள்களில் பலரிடம் பள்ளிச் சான்றிதழ் இருக்காது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்கள் பதிவு பெற்றிருக்கும் ஆண்டுகளையே சேர்க்கைத் தகுதியாக ஏற்க ஓர் அரசாணை போதும்.